பிள்ளை வளர்ப்பும் பிறப்புப் பத்திரமும்

சென்ற வருடம் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் விண்ணப்பப் படிவமொன்று எங்கள் வீட்டு மேசையில் மூன்று நாட்கள் நிரப்பப்படாமல் கிடந்தது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி எல்லாம் உடனே எழுதியாயிற்று. "தந்தையின் பெயர்" என்ற கட்டத்துக்கு வந்ததும் உம்மா பேனையை வைத்துவிட்டார்.

அந்தப் பிள்ளை என் தங்கை. ஆனால் என் உம்மா பெற்ற பிள்ளை அல்ல. உம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரி ஒருவர் காலமானபோது மூன்று மாதக் குழந்தையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பெற்ற வாப்பா வெளிநாட்டில் தொழில் செய்கிறார், மறுமணமும் முடித்துவிட்டார். "நீங்களே வளருங்க ராத்தா" என்று தொலைபேசியில் சொன்னதுதான் எங்களிடம் இருந்த ஒரே ஒப்பந்தம். ஐந்து வருடங்களாக அது போதுமாகத்தான் இருந்தது. காய்ச்சல் வந்தால் உம்மா கிளினிக்குக் கொண்டு போவார், பெருநாளைக்கு எனக்கு எடுத்த துணியிலேயே அவளுக்கும் தைப்போம். நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கையில் யாரும் அவளை வேறு பிள்ளையாகப் பார்த்ததில்லை. ஒரு கடதாசிதான் முதன்முதலில் கேள்வி கேட்டது.

வீட்டுக்கு வந்தவர்கள் பலவிதமாக ஆலோசனை சொன்னார்கள். "உங்கட பேரையே எழுதுங்க, யார் பாக்கப் போறா?" என்றார் ஒருவர். இன்னொருவர் ஒருபடி மேலே போய், பிறப்பைப் பதியவே இல்லை என்று காட்டி, என் உம்மாவையும் வாப்பாவையும் பெற்றோராகப் போட்டுப் புதிய பிறப்புப் பத்திரம் எடுத்துத் தரும் ஆள் ஒருவரைத் தெரியும் என்றார். வாப்பா உடனே மறுக்கவில்லை. ஒரு வாரம் யோசித்தார். அந்த ஒரு வாரத்தில் நான் விசாரித்தும் வாசித்தும் அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப்போல வாய்ப்பேச்சில் பிள்ளை வளர்க்கும் வீடுகள் நமது பகுதியில் இன்னும் இருக்கின்றன என்பதே இதை எழுதக் காரணம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் "தத்தெடுத்தல்" என்று பொதுவாகச் சொல்வதைச் சட்டத் தமிழில் "மகவேற்பு" என்கிறார்கள். நீதிமன்றக் கட்டளை ஒன்றினால் ஒரு பிள்ளை நிரந்தரமாக இன்னொரு பெற்றோரின் பிள்ளையாக ஆவதே மகவேற்பு. "வளர்ப்புப் பராமரிப்பு" என்பது வேறு. பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளையை, அரசின் மேற்பார்வையில் ஒரு குடும்பம் பொறுப்பேற்று வளர்ப்பது அது. அதில் பிள்ளையின் பெயர் மாறாது, வம்சம் மாறாது. மேற்கு நாடுகளில் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையை அதே குடும்பம் பின்னர் மகவேற்பதும் நடக்கிறது. நமது நாட்டில் வளர்ப்புப் பராமரிப்பு அவ்வளவு பெரிய ஏற்பாடாக வளரவில்லை. இங்கே அந்த வேலையை உம்மம்மாக்களும் சாச்சிகளும் மாமிகளும் எந்தப் பதிவும் இல்லாமல் செய்து வருகிறார்கள்.

இலங்கையில் வளர்ப்புப் பராமரிப்பு பெரிதாகப் பேசப்பட்டது நமது கரையில் நடந்த அழிவுக்குப் பிறகுதான். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாவலடியும் கல்லடி திருச்செந்தூரும் கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் எப்படி ஆயின என்பதை எங்கள் பெற்றோரே சொல்லக் கேட்டிருக்கிறோம். நான் அப்போது பிறக்கவில்லை. அந்த நாட்களில் கல்முனை வைத்தியசாலைக்குச் சில மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அன்று அனுமதிக்கப்பட்டவர்களில் 81ஆவது ஆள் என்பதால் அதற்கு "81ஆம் இலக்கக் குழந்தை" என்றே பெயர் வந்துவிட்டது. ஒன்பது தாய்மார் அந்தக் குழந்தைக்கு உரிமை கோருவதாக உலகமெங்கும் செய்தி போனது. பின்னர், முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு குடும்பம்தான் என்று தெரியவந்தது. ஆயினும் அந்தப் பெற்றோரிடம் காட்டுவதற்கு ஆவணம் எதுவும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்தது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்து குழந்தை உரிய பெற்றோரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. பெற்ற தாய் தன் பிள்ளையைத் தூக்குவதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்கள் காத்திருந்தார். ஒரு கடதாசியின் பெறுமதி என்னவென்று எனக்கு விளங்கியது இந்தக் கதையில்தான்.

சுனாமிக்குப் பின் பிள்ளைகளைத் தத்தெடுக்கப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் முன்வந்தார்கள். நல்லெண்ணம் உள்ளவர்களும் இருந்தார்கள். எல்லாரும் அப்படி என்று நம்ப முடியாது. ஆகவே சுனாமியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை மகவேற்பதை அரசு உடனே நிறுத்தி வைத்தது. பிறகு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. தாயையும் தந்தையையும், அல்லது இருவரில் ஒருவரை இழந்த பிள்ளைகளின் வளர்ப்புப் பராமரிப்புக்கு அதில் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. 1998இல் சட்டமாக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் அந்தப் பொறுப்பு போனது.

அரசு அவ்வளவு எச்சரிக்கையாக இருந்ததற்குப் பழைய காயமொன்று உண்டு. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவற்றில் பலவற்றில் தாயின் பெயரும் கையொப்பமும்கூடப் பொய்யாக இருந்தன. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதை வெளிக்கொண்டு வந்தது. இன்று நாற்பது வயதைத் தொட்ட அந்தப் பிள்ளைகள் பெற்ற தாயைத் தேடி இலங்கைக்கு வருகிறார்கள். பத்திரத்தில் உள்ள ஊருக்குப் போனால் அப்படி ஒரு தாய் அங்கே இல்லை. இதை நான் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். புதிய பிறப்புப் பத்திரம் எடுத்துத் தருவதாகச் சொன்னவரின் பேச்சு எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எழவில்லை. பொய்த் தகவல் கொடுத்துப் பிறப்பைப் பதிவது குற்றம் என்பது ஒரு பக்கம். எங்கள் தங்கை நாளைக்குத் தன் உம்மாவின் கப்றடி எது என்று கேட்டால், நாங்களே எழுதிய பத்திரம் எங்களையே பொய்யாக்கும் என்பது மறுபக்கம்.

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை மத்ரஸாவில் படித்திருந்தோம். ஆனால் பரீட்சைக்குப் படிப்பது வேறு, வீட்டுக்குள் அது வந்து நிற்பது வேறு. ஸெய்த் பின் ஹாரிதா (றழி) சிறுவனாக இருந்தபோது பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். கதீஜா நாயகி (றழி) அவர்கள் மூலம் நபி (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார். பின்னர் அவருடைய சொந்த வாப்பா தேடி வந்து, விலை கொடுத்தாவது மீட்கிறேன் என்றபோது, போவதும் இருப்பதும் ஸெய்தின் விருப்பம் என்றார்கள் நபியவர்கள். ஸெய்த் நபியவர்களோடு இருப்பதையே தெரிவுசெய்தார். அன்று முதல் மக்கள் அவரை "முஹம்மதின் மகன் ஸெய்த்" என்றே அழைத்தார்கள். பின்னர் ஸூறா அஹ்ஸாபின் வசனங்கள் இறங்கின: வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று. அவர் மீண்டும் ஸெய்த் பின் ஹாரிதா ஆனார். பெயர் மாறியதால் அன்பு குறைந்ததா? இல்லை. மூத்தா யுத்தத்துக்குப் போன படையின் தளபதியாக நபியவர்கள் நியமித்தது அவரைத்தான். குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே ஸஹாபியும் அவர்தான்.

ஆகவே இஸ்லாம் அநாதைப் பிள்ளையை வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வளர்க்கச் சொல்கிறது, வம்சத்தை மறைக்க வேண்டாம் என்கிறது. இதற்குக் "கஃபாலா" என்று பெயர். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, குடும்பம் இல்லாத பிள்ளைக்கு மாற்று ஏற்பாடுகளாக வளர்ப்புப் பராமரிப்பையும் மகவேற்பையும் சொல்லும் இடத்திலேயே கஃபாலாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இலங்கை 1991இல் அந்தச் சமவாயத்தை ஏற்றது. நமது பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இனி நாட்டுச் சட்டம். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. மகவேற்பவர் 25 வயதுக்குக் குறையாதவராகவும் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். நெருங்கிய உறவினருக்கு வயதில் சில விலக்குகள் உண்டு. பிள்ளை 14 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். பத்து வயதைக் கடந்த பிள்ளையானால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தனி ஆண் ஒருவர் பெண்பிள்ளையை மகவேற்பது விசேட காரணம் இருந்தாலன்றி முடியாது. பெற்றோர் உயிருடன் இருந்தால் அவர்களுடைய சம்மதம் தேவை. நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் காசோ கைம்மாறோ பரிமாறக் கூடாது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். மாவட்ட நீதிமன்றம் கட்டளையிட்ட பின்பு பதிவாளர் நாயகம் மகவேற்புப் பத்திரம் கொடுப்பார்; அதில் மகவேற்றவர்களே பெற்றோர்.

நமக்கு இடிக்கும் இடம் அதுதான். ஆனால் அதே கட்டளைச் சட்டத்தில் இன்னொரு வழியும் இருப்பதைக் கண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தாம் பெறாத பிள்ளையைத் தமது பொறுப்பில் வைத்திருப்பவர், அந்தப் பிள்ளையின் பராமரிப்பாளராகப் பதிவு செய்துகொள்வது பற்றியும் அது பேசுகிறது. இதைத் தவிர, 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைத் "தகுதியான ஆள்" ஒருவரிடம் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். அந்த ஆள் உறவினராகவும் இருக்கலாம். ஸெய்தின் பெயரை மாற்றாமல் ஸெய்தை வளர்ப்பதற்கு நாட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு என்றே நான் இதை விளங்கிக்கொண்டேன்.

வீட்டில் பெரியவர்கள் மெதுவாகப் பேசிய இரண்டு விடயங்களையும் எழுதிவிடுகிறேன். ஒன்று, மஹ்றம். எனக்கு ஒரு காக்காவும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். தங்கை பருவமடைந்த பிறகு அவர்கள் முன்னால் எப்படி இருப்பது? இதற்கு எங்கள் மூத்தம்மா ஐந்து வருடத்துக்கு முன்பே பதில் கண்டிருந்தார். தங்கை வந்தபோது தம்பிக்கு ஒன்றரை வயது, அவன் இன்னும் பால் மறக்கவில்லை. "அவளுக்கும் பால் குடு" என்று மூத்தம்மா உம்மாவிடம் சொன்னார். இரண்டு வயதுக்குள் ஐந்து முறை வயிறாரப் பால் குடித்தால் பால்குடி உறவு உண்டாகும் என்பது நாம் பின்பற்றும் ஷாபி மத்ஹபின் சட்டம். ஆகவே என் காக்காவும் தம்பியும் அவளுக்குச் சகோதரர்கள்தான். மூத்தம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. சட்டத்தரணிக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது!

மற்றது சொத்து. பால்குடி உறவால் வாரிசுரிமை வராது, வளர்ப்பதாலும் வராது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாசனமில்லா உரிமைக் கட்டளைச் சட்டப்படி நமது சொத்து மார்க்கச் சட்டத்தின்படியே பிரியும். ஆனால் உயிரோடு இருக்கும்போது அன்பளிப்பாக எழுதிக் கொடுக்கலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத்தும் செய்யலாம். கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் என்பது வழக்கம் (அந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டை உண்டு, அது வேறு கட்டுரை). வளவின் கிழக்குப் பக்கத்துத் துண்டை என்ன செய்வது என்று உம்மாவும் வாப்பாவும் பேசிக்கொள்வது என் காதில் விழுந்தது. அந்தத் துண்டு எனக்கு என்றுதான் இதுவரை சொல்லியிருந்தார்கள். முதலில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, மறைக்கவில்லை. அன்றிரவு அவள் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்தாள். காலையில் உம்மாவிடம் போய், பாதி என்றால் பாதி, சரிதான் என்றேன்.

நன்னடத்தை உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார் என்று கேட்டறிந்து உம்மாவும் வாப்பாவும் போனார்கள். அதற்கு முன் போன ஓர் அலுவலகத்தில், "சொந்தப் பிள்ளை ரெண்டுமூணு இருக்கக்கொள்ள இது எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்டு உம்மாவை அழ வைத்தார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். அலுமாரியைத் திறந்து பார்ப்பார், சம்பளத்தைக் கேட்பார் என்று பயந்திருந்தோம். சம்பளத்தைக் கேட்டார்தான். ஆனால் அதிக நேரம் தங்கையோடுதான் பேசினார்: யாரோடு படுப்பாய், யார் தலை பின்னிவிடுவார், பயம் வந்தால் யாரிடம் போவாய் என்று. பெற்ற வாப்பாவின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றார். அது வெளிநாட்டிலிருந்து தூதரகம் வழியாக வர நான்கு மாதங்கள் எடுத்தது. பாடசாலையில் அதிபர், உள்ளபடி எழுதிய படிவத்தையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் ஏற்றுக்கொண்டு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் முழு அநாதைகள் அல்லர். தாயோ தந்தையோ உயிருடன் இருப்பவர்கள். வறுமையும் வெளிநாட்டுப் பயணமும் குடும்பப் பிரிவும் அவர்களை அங்கே கொண்டு வந்திருக்கின்றன. ஒரு பிள்ளையை வளர்க்க விரும்புகிறவர் இல்லத்துக்கு நேரே போய்க் கேட்பதைவிட உங்கள் பிரதேசத்து நன்னடத்தை உத்தியோகத்தரிடமே முதலில் போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு எங்காவது தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தங்கைக்கு எப்போது சொல்வது என்பதில்தான் வீட்டில் அதிகம் வாதம் நடந்தது. பெரியவளானதும் சொல்லலாம் என்றார் வாப்பா. வேறு யாராவது சொல்லிக் கேட்பதற்கு முன் நாமே சொல்ல வேண்டும் என்றேன் நான். கடைசியில் யாரும் தீர்மானிக்கவில்லை. கொப்பிகளுக்கு உறை போட்டுப் பெயர் எழுதும் நாளில் அவளே கேட்டாள், தம்பியின் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து தன் பெயருக்கு முன்னால் ஏன் இல்லை என்று. உம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு இரண்டு உம்மா, இரண்டு வாப்பா என்று சொன்னார். பெற்ற உம்மாவின் அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தையும் எடுத்துக் காட்டினார். தங்கை கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவங்கட மூக்கு என்ட மூக்கு" என்றாள். பிறகு பேனையை என்னிடம் வாங்கி, தன் வாப்பாவின் முதலெழுத்தைத் தானே எழுதினாள். எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

நீதிமன்றத்தில் எங்கள் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. அடுத்த தவணைத் திகதியை வாப்பா கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு உயர்தர முன்னோடிப் பரீட்சை. தங்கைக்குத் தலை பின்னிவிடுவது உம்மா என்று பேசி முடித்திருக்கிறோம்.