பழைய ஊர்ப்படச் சேகரிப்பு

பழைய ஊர்ப்படச் சேகரிப்பு என்பது, ஓர் ஊரின் தெருக்கள், கட்டிடங்கள், கோயில்கள், நீர்நிலைகள், மக்கள், தொழில்கள் ஆகியவற்றைக் காட்டும் பழைய ஒளிப்படங்களையும் பட அஞ்சலட்டைகளையும் தேடித் திரட்டி, விவரம் குறித்துப் பாதுகாக்கும் செயற்பாடு ஆகும். இது பொழுதுபோக்காகத் தொடங்கினாலும், எழுத்து ஆவணங்கள் குறைவாக உள்ள ஊர்களின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாக அமைவதுண்டு.

வரலாறு

தமிழகத்தின் மிகப் பழைய ஊர்ப்படங்களுள் லின்னேயசு டிரைப் எடுத்தவை குறிப்பிடத்தக்கவை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த இவர், மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய இடங்களில் எடுத்த படங்கள் 1858 இல் தொகுதிகளாக வெளிவந்தன. மதுரை திருமலை நாயக்கர் அரண்மனை, 1866 இல் தொடங்கிய சீரமைப்புக்கு முன்னர் எவ்வாறு சிதைந்து கிடந்தது என்பதை இப்படங்களில் காணலாம்.

இந்தியாவில் அஞ்சலட்டை ஜூலை 1, 1879 அன்று கால் அணா விலையில் அறிமுகமானது. அதில் படம் இல்லை. பட அஞ்சலட்டைகள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகின. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்டு கிளைன் போன்ற நிறுவனங்களும், கொழும்பில் 1890 இல் தொடங்கிய பிளேட் நிறுவனமும் இவற்றை வெளியிட்டன. முதல் உலகப் போருக்கு முன் வெளிவந்த அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சிடப்பட்டவை.

2018 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில், சென்னை, பெங்களூர் நகரங்களின் பழைய அஞ்சலட்டைகளைக் கொண்டு, அவற்றை நகர வரலாற்றின் சான்றாக விளக்கும் கண்காட்சி நடைபெற்றது.

முக்கியத்துவம்

அழிந்துபோன இடங்களுக்குப் படமே சாட்சி. 1900 இல் திறக்கப்பட்ட சென்னை மூர் மார்க்கெட், மே 30, 1985 அன்று தீக்கிரையானது. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டது. இவற்றின் முந்தைய தோற்றத்தைப் பின்வந்த தலைமுறையினர் படங்கள் வழியாகவே அறிகின்றனர்.

சிற்றூர்களின் நிலை

அஞ்சலட்டை வெளியீட்டாளர்கள் பெருநகரங்கள், மலைவாழிடங்கள், புகழ்பெற்ற கோயில்கள் ஆகியவற்றையே பெரிதும் நாடினர். ஆதலால் ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவு ஊர்களைப் பற்றி அறிய விரும்புவோர், வீட்டு ஆல்பங்களையும் ஸ்டுடியோ படங்களையும் நாட வேண்டியுள்ளது. ஒரு திருமணப் படத்தின் பின்னணியில் பழைய திண்ணையோ, வாசலில் பாவு விரிக்கப்பட்ட தெருவோ பதிவாகியிருக்கலாம். மணமக்களுக்காக எடுத்த படம், காலப்போக்கில் தெருவின் ஆவணமாகவும் ஆகிவிடுகிறது.

இத்தகைய படங்களே எளிதில் அழிகின்றன. ஸ்டுடியோக்கள் மூடப்படும்போது கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ்களும் கழிவுப் பொருளாகிவிடுவதுண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன், தமிழக ஸ்டுடியோ படங்களை எண்ணிமப்படுத்தியுள்ளது.

காலத்தைக் கணித்தல்

- அஞ்சல்தலை: ஏழாம் எட்வர்டு (1901–1910), ஐந்தாம் ஜார்ஜ் (1910–1936) போன்ற அரசர்களின் உருவம் காலத்தை ஏறத்தாழ உணர்த்தும்.
- அஞ்சல் முத்திரை: இது அனுப்பிய நாளையே காட்டும். படம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னர் எடுக்கப்பட்டிருக்கலாம்.
- அட்டையின் பின்புறம்: தொடக்ககால அட்டைகளில் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியது, செய்தியைப் படப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினர். செய்திக்கும் முகவரிக்கும் பின்புறத்தைப் பிரித்துக் கொடுத்த முறை பிரிட்டனில் 1902 இல் வந்தது.
- படத்தில் உள்ளவை: மின்கம்பம், வாகனம், கடைப் பலகை, உடை ஆகியன துணைச் சான்றுகள்.

வண்ண அட்டைகளில் பல, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் நிறமூட்டியவை. எனவே ஒரு கட்டிடத்தின் உண்மை நிறத்துக்கு அவற்றைச் சான்றாகக் கொள்ள இயலாது. அச்சிட்ட தலைப்புகளிலும் பிழை இருக்கக்கூடும் என்பதால், வேறு படங்களுடன் ஒப்பிடுதல் நன்று.

பாதுகாத்தல்

படங்களை வெளிச்சம், ஈரம், வெப்பம் படாத இடத்தில், அமிலமற்ற காகித உறைகளில் வைக்க வேண்டும். ஒட்டுநாடாவும் பசையுள்ள ஆல்பங்களும் படத்தைக் கெடுப்பவை. குறிப்புகளைப் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். வீட்டார் படத்தைக் கொடுக்கத் தயங்கினால், அங்குலத்திற்கு 600 புள்ளிகள் அளவில் வருடி, மூலத்தை உடனே திருப்பித் தருவது வழக்கம். படத்தில் இருப்போரின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு உடன் பதிவு செய்தல் இன்றியமையாதது. அவர்களுக்குப் பின் அவ்விவரங்களைப் பெற வழியில்லாமல் போகலாம்.

பதிப்புரிமை

இந்தியாவில் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வருமுன், அதாவது 1958 க்கு முன் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களுக்கு உரிமைக்காலம் 50 ஆண்டுகளாக இருந்தது, அது முடிந்துவிட்டது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒளிப்படங்களுக்கு உரிமையாளரான படைப்பாளியின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. உரிமைக்காலம் முடிந்த குடும்பப் படமாயினும், வெளியிடுமுன் குடும்பத்தாரின் இசைவைப் பெறுவது நன்மரபாகும்.