ஃபிளேவியா வாங்கிய சிநேகிதி

போன கோடை விடுமுறைக்குப் பேத்தி பாளையங்கோட்டை வந்து இறங்கியபோது பையில் துணிமணியைவிடப் புத்தகம்தான் அதிகம். பதினொரு வயது. இரண்டாம் நாள் மத்தியானம் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன், திண்ணையிலிருந்து சத்தம்: "ஆச்சி, இவ தன்னோட ஃபிரெண்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கா!"

கையிலிருந்தது கரோலின் லாரன்ஸ் எழுதிய 'தி தீவ்ஸ் ஆஃப் ஓஸ்டியா'. 2001-இல் வெளிவந்தது, 'ரோமன் மிஸ்டரீஸ்' என்னும் 17 நாவல்களில் முதலாவது. கதை நடப்பது கி.பி. 79-இல், ரோமின் துறைமுகமான ஓஸ்டியாவில். கப்பல் தலைவர் ஒருவரின் மகள் ஃபிளேவியா ஜெமினா. அவள் தெருவில் யாரோ காவல் நாய்களைக் கொன்று தலையை வெட்டுகிறார்கள். யார், எதற்காக என்று அவள் தேடக் கிளம்புகிறாள். கூட்டாளிகள் மூன்று பேர்: பக்கத்து வீட்டு யூதப் பையன் ஜானதன், நாக்கு அறுபட்ட பிச்சைக்காரச் சிறுவன் லூபஸ், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட நூபியா. இந்த நூபியாவைத்தான் அடிமை வியாபாரியிடமிருந்து ஃபிளேவியா விலைக்கு வாங்குகிறாள். பரிதாபப்பட்டுத்தான். ஆனாலும் வாங்கியது வாங்கியதுதானே.

நான் 28 வருஷம் பெண்கள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். 'ரோமானியரின் அடிமை முறை' என்று கரும்பலகையில் தலைப்பு எழுதி, ஐந்து பாயிண்ட் போட்டு, ஐந்து மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையாவது அதற்காகக் கோபப்பட்டதாக ஞாபகம் இல்லை. இவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஃபிளேவியா நல்லவதான ஆச்சி? பின்ன எப்படி வாங்குவா?" நாய்த் தலையை வெட்டியவன் யார் என்பதைக்கூட மறந்துவிட்டாள். தொடரில் பின்னால் நூபியாவுக்கு விடுதலை கிடைக்கிறது என்று சொன்னேன். சமாதானம் ஆகவில்லை. ஆகாமல் இருந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அதன் பிறகு அவள் கொண்டுவந்ததையெல்லாம் நானும் படித்தேன். என் சின்ன வயதில் துப்பறிபவர் என்றால் தமிழ்வாணனின் சங்கர்லால்தான். அவருக்குத் தேநீர் கிடைத்தால் போதும்; ராத்திரி எங்கே போகிறீர் என்று கேட்க ஆள் கிடையாது. பழைய காலத்துப் பெண்பிள்ளை துப்பறிய வேண்டுமானால் அப்படி முடியுமா? ஆகவே எழுத்தாளரின் முதல் வேலை, அம்மாவைக் கதையைவிட்டு அப்புறப்படுத்துவது. ஃபிளேவியாவுக்கு அம்மா இல்லை, அப்பா பாதி நாள் கடலில். நான்சி ஸ்பிரிங்கர் 2006-இல் தொடங்கிய கதைகளில் ஷெர்லாக் ஹோம்ஸின் தங்கையாக வருகிற ஈனோலாவுக்கு, 14-ஆவது பிறந்தநாளன்று அம்மாவே காணாமல் போகிறாள். ராபின் ஸ்டீவன்ஸின் ஹேசல் வாங், 1930-களில் ஹாங்காங்கிலிருந்து இங்கிலாந்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவள். அம்மா பல கடல் தாண்டி.

ஈனோலா கதையில் எனக்கு மிகவும் பிடித்தது பாவாடை. கதை நடப்பது 1888-இல். அக்காலத்து ஆங்கிலேயச் சீமாட்டிகள் பாவாடையைப் பின்பக்கம் உப்பலாக நிறுத்த உள்ளே ஒரு கூடு கட்டிக்கொள்வார்கள். உட்காரவும் இம்சை, நடக்கவும் இம்சை. அந்தக் கூட்டுக்குள் சாமான்களை ஒளித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று காட்டுகிறார் ஸ்பிரிங்கர். பெண்ணைக் கட்டிப்போட வந்த உடுப்பே அவளுக்குப் பெட்டியாகிவிட்டது! 1888-இல் பெண்ணாக இருப்பது எப்படி என்பதை நான் ஒரு பீரியட் முழுக்கப் பேசினாலும் இவ்வளவு பதியாது.

துப்பும் அந்தக் காலத்துத் துப்பாகவே இருந்தாக வேண்டும். "ரேகை எடுத்தா முடிஞ்சுதே ஆச்சி" என்றாள் ஒருநாள். ஏட்டி, உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவே 1897-இல்தான் வந்தது, அதுவும் நம் கல்கத்தாவில் என்றேன். ஈனோலாவுக்கே அது கிட்டாதபோது ஃபிளேவியாவுக்கு எங்கே? அவளிடம் இருப்பது மெழுகு பூசிய பலகையும் எழுத்தாணியும். வாய் பேச முடியாத லூபஸுக்கும் அந்தப் பலகைதான் பிறகு நாக்காகிறது.

இரண்டாவது நாவலில் வெசுவியஸ் எரிமலை வெடிக்கிறது. கடற்படைத் தளபதி பிளினி அதில் ஒரு பாத்திரம். அந்த வெடிப்பில் நிஜமாகவே இறந்துபோனவர். நம் பக்கத்துக் கருமிளகு ரோமில் ராத்தல் நான்கு தினாரியம் என்று எழுதி வைத்த அதே பிளினிதான். இதைச் சொன்னதும் அடுக்களைக்குப் போய் மிளகு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

நாவலில் எரிமலை வெடிப்பது ஆகஸ்டில். நானும் ஆகஸ்ட் 24 என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் 2018-இல், அந்த வெடிப்பில் புதைந்துபோன பொம்பேயியில் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது. அதிலிருந்த தேதி, நம் கணக்கில் அக்டோபர் 17. கரியெழுத்து நெடுநாள் நிற்காது. ஆகவே அது வெடிப்புக்குச் சற்று முன்னால் எழுதியதாகத்தான் இருக்கும் என்கிறார்கள். மாதுளை, கணப்புச் சட்டி என்று குளிர் தொடங்கும் காலத்துத் தடயங்கள் அங்கே ஏற்கெனவே கிடைத்திருந்தன. எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொண்டாயிற்று என்று சொல்ல முடியாது. ஆனாலும் பலர் இப்போது அக்டோபர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

பேத்தி கண்ணை உருட்டினாள். "அப்ப ஃபிளேவியா ரெண்டு மாசம் முன்னாடியே பயந்து ஓடிட்டாளா?"

சிரிப்பை அடக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அவள் பென்சிலை எடுத்து ஆகஸ்ட் என்ற சொல்லின்மேல் கோடு போடப் போனாள். "பள்ளிக்கூடத்து நூலகப் புத்தகம்ட்டி அது" என்று கையைப் பிடித்தேன். காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து, 'அக்டோபரா? ஆச்சி சொல்றா' என்று எழுதி அந்தப் பக்கத்துக்குள் செருகி வைத்தாள்.