கல் தூசும் காச நோயும்

கல்லுடைப்போர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோரின் மார்பில் படியும் சிலிக்காத் தூசு ‘சிலிகோசிஸ்’ என்னும் நோயை உண்டாக்குகிறது. அதைக் குணமாக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆகவே, “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று வீட்டாரும் சோர்ந்துவிடுகின்றனர். இது பெரும் பிழை. இந்நோயாளர் பலரின் உயிரைக் குடிப்பது தூசு மட்டுமன்று. அதன்மேல் வந்து சேரும் தொற்றும்தான். தொற்றுக்கு மருந்து உண்டு.

நுரையீரலின் காற்றுப் பைகளில் விழுங்கணுக்கள் என்னும் காவலர் இருக்கின்றனர். உள்ளே புகும் கிருமியையும் தூசையும் விழுங்கி அழிப்பது இவற்றின் பணி. ஆனால் சிலிக்காத் துகளை விழுங்கிய அணு அதைச் செரிக்க மாட்டாமல் தானே மடிகிறது. துகள் வெளிப்பட்டு அடுத்த அணுவிடம் சேர்கிறது; அதுவும் மடிகிறது. அவ்விடத்தில் தழும்பு விழுகிறது. காவல் குலைந்த அவ்வூரில் காசநோய்க் கிருமிக்குக் கொண்டாட்டந்தான். தூசு உள்ளேயே தங்கிவிடுவதால், கல்வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

இரு நோய்களுக்கும் இருமல், இளைப்பு, மெலிவு ஆகியவை பொது. எக்ஸ்ரே படத்திலோ சிலிகோசிஸின் புள்ளிகளுக்கிடையே காசநோய் ஒளிந்துகொள்ளும். “தூசு இருமல்தானே” என்று விட்டுவிட்டால் காசநோய் முற்றுகிறது. மாறாக, தொழிலைக் கேளாமல் படத்தை மட்டும் நம்பினால், வெறும் சிலிகோசிஸுக்கே காசநோய் மருந்தை மீண்டும் மீண்டும் உண்ண நேர்கிறது. ஆகவே, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, புதிதாய் மிகும் இருமல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் சளியைச் சோதித்தல் வேண்டும். தழும்புக்குள் அடைபட்ட கிருமி சளியில் உடனே வெளிப்படாததும் உண்டு. ஒருமுறை ‘இல்லை’ என்று வந்ததால் சோதனையை முடித்துக்கொள்ளலாகாது. மருத்துவம் பயிலாத நமக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. தந்தையையோ மாமனையோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, அவர் எத்தனை ஆண்டு கல்லுடைத்தார் என்பதை, கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லலாமே!

மருந்து எத்தனை மாதம் வேண்டும்? இதற்கு விடை தேடிய முக்கிய ஆய்வு ஹாங்காங்கில் நடந்தது. கருங்கல் மலைகள் நிறைந்த அந்நகரில் சிலிகோசிஸ் நெடுநாள் தொல்லை. அந்நகர மார்பு நோய்ப் பிரிவும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், நம் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் கூடி நடத்திய அவ்வாய்வு 1991இல் வெளிவந்தது. சிலிகோசிஸும் காசநோயும் ஒருங்கே உள்ளவர்களுள் 6 மாதம் மருந்துண்டவர்களில் 22 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. 8 மாதம் உண்டவர்களிலோ 7 விழுக்காட்டினருக்கே. மற்றவர்க்குப் போதுமான 6 மாதம் இவர்களுக்குப் போதவில்லை. இன்றும் மருத்துவர்கள் இவர்களுக்குச் சிகிச்சையை நீட்டுவதற்கு இதுவே காரணம்.

அதே மூவரும் 1992இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, சிலிகோசிஸ் உள்ளவர்க்கு முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுத்ததில் காசநோய் ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது. முற்றும் ஒழிந்துவிடவில்லை. மேலும், காசநோய் இப்போது இல்லை என்று உறுதி செய்யாமல் இம்மருந்தைத் தொடங்கலாகாது. ஒளிந்திருக்கும் நோய்க்கு ஒற்றை மருந்து கொடுத்தால் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும்.

காசநோய் ஒன்றே பகையன்று. குளிர்காய்ச்சலும் நிமோனியாவும் இவர்களை எளிதில் வீழ்த்தும். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. பழைய காசநோய்க் குழியில் பூஞ்சை உருண்டையாய் வளர்ந்து, இருமலில் இரத்தம் வருவதும் உண்டு. அதைக் காசநோய் திரும்பிவிட்டதாகவே கொண்டு, சோதியாமல் பழைய மாத்திரையைத் தொடங்குவதால் பயனில்லை.