நகலெடுப்பதில் ஒரு நெறி



சேலம் இராமசுவாமி முதலியாரை நம் பகுதி மாணவர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த அவர், அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியராகிய உ. வே. சாமிநாதையருக்குச் சீவக சிந்தாமணிப் பிரதி ஒன்றை அளித்தார். ஐயர் அவ்வொரு பிரதியோடு நில்லாது, பல ஊர் ஏடுகளையும் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, 1887இல் நூலை அச்சேற்றினார். ஏடுகள் மாறுபட்ட இடங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழித்திருந்தால், சரியான பாடத்தை அறிய வழியேது?

கணினிக் கோப்புகளுக்குக் காப்பு நகல் எடுப்போரும் இதனை எண்ணுதல் வேண்டும். அதற்கான மென்பொருள் நம்மை இரண்டு கேள்விகள் கேட்கும்.

நகலில் அதே பெயருடைய கோப்பு முன்னரே இருப்பின் என் செய்வது என்பது முதற் கேள்வி. ‘விட்டுவிடு’ என்றால், நீங்கள் திருத்திய கட்டுரை நகலைச் சென்று சேராது. ‘மேலெழுது’ என்றால் பழையது அழியும். ‘புதியதாயின் மேலெழுது’ என்பது நடுவழி. ஆயினும் அது தேதியைப் பார்க்குமேயன்றிப் பொருளைப் பாராது. தவறுதலாகப் பாதி அழிந்த கோப்பும் அதற்குப் புதியதே.

மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் நீக்கலாமா என்பது இரண்டாவது. நீக்கும் முறையை ‘மிரர்’ என்பர். கண்ணாடி போல மூலத்தை அப்படியே காட்டும்.

நாமக்கல் பக்கத்துச் சிற்றூர்களின் ஏரி, கோயில், சந்தை பற்றி என் மாணவர்கள் முதியோரைக் கேட்டெழுதிய குறிப்புகளைக் கணினியில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் அவற்றுள் ஒரு பகுதியைக் கைதவறி அழித்துவிட்டேன். அதனை அறியாமல் அன்றிரவே மிரர் முறையில் நகலெடுத்தேன். நகலிலும் அவை மறைந்தன. மென்பொருள் பிழை செய்யவில்லை. நான் சொன்னதையே செய்தது. அக்குறிப்புகளைச் சொன்ன முதியோருட் சிலர் இன்று இல்லை.

ஆகவே, ‘முந்தைய வடிவங்களையும் வைத்திரு’ என்னும் விருப்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். இடம் மிகுதியாகப் பிடிக்கும். ஆனால் பிழையைத் திருத்தக் காலம் கிடைக்கும். ஒரு நகலேனும் வேறோர் இடத்தில் இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் மீளாமற் போயின.

இறுதியாக ஒன்று: நகலெடுத்தபின் ஒரு கோப்பையேனும் அதிலிருந்து மீட்டுத் திறந்து படித்துப் பாருங்கள். ஒப்புநோக்காத பிரதியை நம்புதல் ஆகாது.