கழற்றிக் கொண்டுபோகக்கூடிய அலுமாரி

மன்னாரில் இடம்பெயர்ந்த குடும்பமொன்றிடம் "எதை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்டால் காணி, வீடு, மாடு என்று சொல்லி வரும்போது ஒரு பெட்டகமோ அலுமாரியோ அந்த வரிசையில் வந்து சேரும். 1990 இல் மடுவுக்கும் இந்தியாவுக்கும் சென்றவர்களாலும், அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் குடும்பங்களாலும், 2007 இல் முசலிப் பகுதியை விட்டு எழுந்தவர்களாலும் துணி மூட்டையைத்தான் தூக்க முடிந்தது. அலுமாரியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். அதற்குள் பத்திரமாக வைத்த காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் சிலருக்கு அதனோடேயே போயின.

எனவே, கழற்றிச் சட்டம் சட்டமாகத் தூக்கக்கூடிய, மின்சாரமின்றிக் கைக்கருவிகளாலேயே செய்யக்கூடிய ஓர் அலுமாரியைப் பற்றி இங்கு விளக்குகிறோம்.

இது புதிய யோசனை அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்திலும் ஜேர்மனியிலும் ஓக் என்னும் வைரமான மரத்தில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட அலுமாரிகளைச் செய்தார்கள். அடிப்பாகம், பக்கங்கள், கதவுகள், முடி என்று தனித்தனியாகச் செய்து, ஆப்புகளால் இணைத்தார்கள். வீடு மாறும்போது ஆப்புகளைத் தட்டிக் கழற்றினால் அலுமாரி துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். அந்த ஒல்லாந்தரே 1658 முதல் 1795 வரை மன்னாரை ஆண்டார்கள். அவர்களுக்கு முன் இருந்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள்தான் அலுமாரி, மேசை, கதிரை, யன்னல், சாவி என்பவை. ஓக் மரம் நம் மண்ணில் இல்லை. அதனால் குறையொன்றுமில்லை; நமக்கு வேம்பு இருக்கிறது.

மரம்

வேம்பின் சிவந்த வைரப் பகுதியைப் பூச்சி எளிதில் அண்டாது. துணி வைக்கவும் உகந்தது. வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியைக் கழித்துவிடுங்கள். பூவரசும் நல்லது. பனை வீட்டு வளைக்கும் கைமரத்துக்கும் சிறந்தது. ஆனால் அதன் நார் சிலும்புவதால் அலுமாரிப் பலகைக்கு ஏற்றதல்ல. முதிரை, பாலை போன்ற காட்டு மரங்களை அனுமதியின்றி வெட்டவோ ஏற்றவோ கூடாது.

பச்சை மரத்தில் வேலை தொடங்காதீர்கள். ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகை காற்றில் உலர ஏறக்குறைய ஓராண்டு செல்லும். பலகைகளுக்கு இடையே சிறு குச்சிகளை வைத்து நிழலில் அடுக்க வேண்டும். பழைய வீட்டு நிலை, கதவு, வளை ஆகியவை ஏற்கெனவே உலர்ந்தவை. அவை கிடைத்தால் நன்று. ஆனால் மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, கண்ணிவெடிக் குறிப்பலகை உள்ள இடத்துக்குள் மரம் தேடிப் போகாதீர்கள். இரண்டாவது, போர் நடந்த இடத்து மரத்துக்குள் குண்டுச் சிதறல் இருக்கலாம். வாள் வைக்குமுன் துளைகளையும் கறுத்த வடுக்களையும் தேடிப் பாருங்கள். மூன்றாவது, ஆளில்லாத வீட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. அவரும் நம்மைப் போல் எங்கோ இடம்பெயர்ந்து இருப்பவர்தான்.

கருவிகள்

கைவாள், சீவுளி, அரை அங்குலமும் ஓர் அங்குலமுமான இரண்டு உளிகள், தவாளிப்பு வெட்ட ஒரு கால் அங்குல உளி, கொட்டாப்புளி, துறப்பணம், மூலைமட்டம், சாணைக்கல் ஆகியவை போதும். மழுங்கிய உளியே கையை வெட்டும். ஏனெனில் அதைப் பலங்கொண்டு தள்ள வேண்டியிருக்கிறது. அரை மணிக்கு ஒருதரம் தீட்டிக்கொள்ளுங்கள்.

சட்டங்கள்

ஐந்தடி உயரம், மூன்றரை அடி அகலம், பதினைந்து அங்குல ஆழம் ஒரு குடும்பத்துக்குப் போதும். சட்டங்கள் மூன்று அங்குல அகலமும் ஒன்றரை அங்குலத் தடிப்பும் இருக்கட்டும்.

முதலில் இரண்டு பக்கங்களையும் செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு நிலைச்சட்டங்கள், மூன்று குறுக்குச் சட்டங்கள். குறுக்குச் சட்டத்தின் நுனியை நாக்குப் போல ஒடுக்கி, நிலைச்சட்டத்தில் வெட்டிய துளைக்குள் இறுக்க வேண்டும். நாக்கின் தடிப்பு சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அரை அங்குலம். இந்த மூட்டுகள் கழற்றப்படுவதில்லை. மரமுளை அடித்து நிலையாக்கலாம்.

ஆப்பு மூட்டு

இரண்டு பக்கங்களையும் இணைப்பவை நான்கு நீளச் சட்டங்கள்: முன்னே மேலும் கீழும், பின்னே மேலும் கீழும். இவற்றின் நாக்கு ஓர் அங்குலத் தடிப்பும் இரண்டு அங்குல உயரமும் கொண்டது. அது நிலைச்சட்டத்தை ஊடுருவி மூன்று அங்குலம் வெளியே நீள வேண்டும். அந்த நீட்டத்தில் மேலிருந்து கீழாகத் துளையிட்டு ஆப்பு இறக்குவோம்.

இங்கேதான் நாம் முதலில் பிழைவிட்டோம். துளையை நிலைச்சட்டத்தின் வெளி முகத்தோடு சரியாகத் தொடங்கினோம். ஆப்பு துளையை நிரப்பியதே தவிர மூட்டை இழுக்கவில்லை, அலுமாரி ஆடியது. துளையின் உள்விளிம்பு நிலைச்சட்டத்தின் முகத்தைவிட எட்டில் ஓர் அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். அப்போது ஆப்பு ஒருபுறம் நிலைச்சட்டத்தையும் மறுபுறம் நாக்கின் நுனியையும் தள்ளும். அடிக்க அடிக்க மூட்டு இறுகும். துளைக்கு வெளியே ஒன்றரை அங்குல மரமாவது மிஞ்சாவிட்டால் நுனி பிளந்துவிடும். ஆப்பின் சரிவு எட்டுக்கு ஒன்று. மேலிருந்து இறங்குவதால் அதன் எடையே அது கழன்று விழாமல் காக்கும்.

இன்னொன்று: குறுக்குச் சட்டத்தின் துளையும் நீளச் சட்டத்தின் துளையும் ஒரே உயரத்தில் வந்தால் நிலைச்சட்டம் பலமிழக்கும். ஒன்றை மேலும் மற்றதைக் கீழுமாக மாற்றி வையுங்கள்.

பலகை அசையட்டும்

எமது முதற் கதவில் பலகையை ஆணி அடித்து இறுக்கினோம். மாரியில் அழகாக இருந்தது. சோளகம் எழுந்து இரண்டு மாதத்தில் மேலிருந்து கீழ்வரை வெடித்தது. காரணம் இதுதான்: மரம் ஈரத்தில் அகலத்துக்கு வீங்கும், வறட்சியில் சுருங்கும்; நீளத்துக்கு மாறுவது மிகக் குறைவு. ஓரடி அகலப் பலகை எட்டில் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ அசையும். அதைத் தடுத்தால் வெடிக்கும்.

ஆகவே சட்டத்தின் உள்விளிம்பில் நீண்ட பள்ளம், அதாவது தவாளிப்பு வெட்டி, பலகையை அதற்குள் தளர்வாக நிறுத்துங்கள். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். இருபுறமும் சிறிது இடைவெளி விடுங்கள். பின்பலகைகளையும் நீளச் சட்டங்களின் தவாளிப்பில் இப்படியே செருகிவிட்டு ஆப்பை இறுக்கலாம். உட்தட்டுப் பலகைகள் பக்கச் சட்டங்களில் பொருத்திய தாங்கு சலாகைகளின் மேல் சும்மா கிடக்கட்டும்.

கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். பித்தளைப் பிணைச்சலும் பித்தளைத் திருகாணியும் வாங்குங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால் பலகை ஈரம் உறிஞ்சுவது குறையும். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி எறியாதீர்கள். அது தானே சூடாகித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட்ட பின் அகற்றுங்கள். கறையானுக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி நான்கு கால்களையும் கல்லின் மேல் நிறுத்துங்கள்.

கைப்பெட்டி

மேல்தட்டில் ஓரடி நீளமான மூடியுள்ள ஒரு சிறு பெட்டி வையுங்கள். காணி உறுதி அல்லது அனுமதிப் பத்திரம், பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பாடசாலைப் பத்திரங்கள் அனைத்தையும் பொலித்தீன் உறையிலிட்டு அதில் வையுங்கள். பெட்டியின் இடத்தை வீட்டிலுள்ள எல்லோரும், சிறுவர் உட்பட, அறிந்திருக்க வேண்டும். ஒரு நாள் அவகாசம் இருந்தால் அலுமாரியைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம். ஐந்து நிமிடமே இருந்தால் அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். திரும்பி வந்து இது எமது காணி என்று சொல்ல அது உதவும்.

அப்படியொரு நாள் இனி வரவேண்டாம் என்பதே எமது விருப்பம். கழற்றத் தேவை வராமலே இந்த அலுமாரி உங்கள் சொந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்குமானால், ஆப்புகள் இறுகியே கிடக்கட்டும். தொடங்கும்போது பெரிய அலுமாரியில் கை வைக்காமல், ஆப்பு மூட்டில் சிறிய வாங்கு ஒன்றைச் செய்து பழகுங்கள். ஊரிலுள்ள மூத்த தச்சரைக் கூப்பிட்டு, பக்கத்தில் இரண்டு இளைஞரையும் நிறுத்துங்கள். பலகையோடு தொழிலும் அடுத்தவர் கைக்கு வரும்.