தேரிக்காடு: செம்மணலில் ஒரு பகல் நடை
குதிரைமொழித் தேரி, தூத்துக்குடி மாவட்டம்

ஒரு பிடி மணலை அள்ளி வெயிலில் பாருங்கள். பெரும்பாலும் குவார்ட்சு மணிகள்தான். மேலே படிந்த இரும்பு ஆக்சைடே இந்தச் சிவப்பு. காற்று அள்ளிவந்து குவித்த இம்மேடுகளைத்தான் தேரி என்கிறோம்.

நகரும் மணலைப் பனையும் உடைமரமும், முந்திரி தரும் கொல்லாமரமும் வேரால் பிடித்து நிறுத்துகின்றன. பெய்யும் மழையை மணல் உறிஞ்சி அடியில் தேக்குகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனையில் அந்த நீரைக் காணலாம்.

தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-இல் எழுதினர். விரல்நகம் அளவுள்ள அக்கற்கள், வேட்டையாடி வாழ்ந்த மனிதர்களின் கைவேலை.

வெயில் ஏறினால் மணல் காலைச் சுடும், விடியலிலேயே கிளம்புங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் படும் கல்லை அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.