விஞ்ஞானத்துக்கும் பாடம் கேட்போம்

சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று எருக்கலம்பிட்டியில் இருந்து தங்கச்சி கோல் எடுத்தாள். "நானா, மகனுக்கு மற்றதெல்லாம் பரவாயில்ல. விஞ்ஞானம் டபிள்யூ" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

அவளுடைய கவலைக்கு ஒரு பழைய வேரும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவள் ஒன்பதாம் ஆண்டு. தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்குப் போய், புத்தளத்து ஓலைக் கொட்டகையில் மாலை நேரப் பள்ளியில் படித்தவள். ஆய்வுகூடம் ஒன்றைக் கண்ணால் காணாமலே அவளுடைய பள்ளிக்காலம் முடிந்தது. தனக்குக் கிடைக்காதது மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக ரியூஷனுக்கு மேல் ரியூஷன் அனுப்பினாள். மச்சான் கடல் தொழில். "இவ்வளவு காசு கட்டியும் சரிவரல்ல. இனி என்னோட கடலுக்கு வரட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார்.

நான் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியன். என்னிடம் ஒப்படைத்தார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வருட அனுபவத்திலிருந்து எழுதப்படுகிறது. எனது பிழை ஒன்றையும் முதலில் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நான் பல வருடமாகக் கொடுத்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் நோட்ஸ், இன்னும் சில கடந்தகால வினாத்தாள். பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை.

நாற்பது கேள்வியில் தெரிந்தது

மருமகனிடம் பழைய முதலாம் பகுதி வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். பல்தேர்வு வினாக்கள் 40. சரியானவை 16. பிழைத்த 24 கேள்வியையும் அடுத்த நாள் மஃரிபுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, "ஏன் இந்த விடையைப் போட்டாய்?" என்று மட்டும் கேட்டேன். திருத்தவில்லை, ஏசவில்லை. அவன் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

9 கேள்விகளில் அவன் நின்றது ஒரு சொல்லில். 7 கேள்விகளில் கணக்கில், அல்லது அலகில். 3 கேள்விகளில் "பொருந்தாதது எது" என்பதைப் "பொருந்துவது" என்று அவசரத்தில் வாசித்திருந்தான். பாடமே தெரியாமல் விட்டவை 5 மட்டும்தான். ரியூஷன் வகுப்புகள் எல்லாம் அந்த ஐந்துக்குத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தன.

சொல்லில் நின்ற இடம்

உப்புக் கரைசலில் இட்ட கிழங்குத் துண்டு ஏன் சுருங்குகிறது என்பது ஒரு கேள்வி. "தெரியாது மாமா" என்றான்.

"உம்மம்மா கருவாட்டுக்கு உப்புப் போட்டா என்ன நடக்குது?"

"மீன் தண்ணி விடும்."

"ஏன் விடுது?"

"உப்பு தண்ணிய வெளியால இழுக்குது."

"அதத்தான் மகன் கேட்டிருக்கு."

அவன் கேள்வித்தாளைத் திரும்பப் பார்த்தான். அங்கே 'பிரசாரணம்' என்று இருந்தது. போனில் பார்த்த தமிழ்நாட்டு வீடியோவில் அதே பாடத்தின் பெயர் 'சவ்வூடு பரவல்'. இரண்டும் வெவ்வேறு பாடம் என்றே அவன் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறான்.

இது எங்கள் பிள்ளைகளுக்கென்றே உள்ள ஒரு சிக்கல். இலங்கைத் தமிழ் விஞ்ஞானச் சொற்களுக்குத் தனி வரலாறு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, அதற்கு நூல்களும் ஆக்கினார். பின்னாளில் சுயமொழிக் கல்வி வந்தபோது இங்கே கலைச்சொற்கள் தனியாக வகுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் வேறு வழியில் வகுத்தார்கள். அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். அங்கே அழுத்தம், இங்கே அமுக்கம். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே நீராவிப்போக்கு, இங்கே ஆவியுயிர்ப்பு.

பெயர் மட்டும் மாறினால் பெரிய ஆபத்தில்லை. ஒரே சொல் இரண்டு இடத்திலும் இரண்டு பொருளில் வரும்போதுதான் புள்ளி போகிறது. 'நிறை' என்றால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் கிலோகிராமில் அளப்பது. எங்களுக்கு அது 'திணிவு'. எங்கள் புத்தகத்தில் 'நிறை' என்பது புவி இழுக்கும் விசை, அதை நியூட்டனில் அளக்க வேண்டும். அங்கே அதற்கு 'எடை' என்று பெயர். 50 கிலோகிராம் திணிவுள்ள ஒருவரின் நிறை என்ன என்று கேட்டால் விடை 500 நியூட்டன். மருமகன் 50 என்று எழுதியிருந்தான். வீடியோவை அவன் கவனமாகப் பார்த்ததால் வந்த பிழை அது. 'காரம்' என்ற சொல்லும் இப்படித்தான். அங்கே காரம் என்பதை நாங்கள் மூலம் என்போம். நீரில் கரையும் மூலத்துக்கு மட்டுமே எங்களிடம் காரம் என்று பெயர்.

வீடியோவைத் தடுக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியில் மூன்று கோடு போட்டோம்: எங்கள் பாடநூல் சொல், வீடியோவில் வரும் சொல், வீட்டில் அதை எப்படிச் சொல்வோம். பிரசாரணம், சவ்வூடு பரவல், கருவாடு தண்ணி விடுறது. இரண்டு மாதத்தில் எண்பது சொற்கள் சேர்ந்தன.

கணக்கில் நின்ற இடம்

தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகளை அவன் தினமும் காண்கிறான். மொத்தம் 30, எல்லாம் சேர்ந்து 103.5 மெகாவாற்று. "ஒன்றுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். 3.45 என்று வகுத்துவிட்டான். "அதை வாற்றில் சொல்லு" என்றேன். 34,500 என்றான். சரியான விடை 34,50,000.

காற்றாடி சுற்றும்போது மின் எப்படி வருகிறது என்பதை, காந்தம், சுருள், தூண்டல் என்று அவன் அழகாகச் சொல்லுவான். பூச்சியங்களில்தான் விழுந்தான். அது ஆறாம் ஏழாம் ஆண்டுக் கணிதம். ஆகவே இரண்டு வாரம் விஞ்ஞானப் புத்தகத்தைத் தொடாமல் பத்தின் மடங்குகள், தசமம், அலகு மாற்றம் மட்டும் செய்தோம். பிறகு சிலாவத்துறைக் கடலுக்குப் போனோம், கணக்கில்தான். முத்துக் குளிப்பவர் 10 மீற்றர் ஆழத்துக்குப் போனால் நீரால் அவர் மேல் வரும் அமுக்கம் என்ன? உயரம் 10, நீரின் அடர்த்தி 1000, ஈர்ப்பு ஆர்முடுகல் 10. பெருக்கினால் 1,00,000 பஸ்கால். கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலுள்ள முழு வளிமண்டலமும் தரும் அமுக்கத்துக்குச் சமன். "அதாலயா மாமா காது வலிக்கிறது?" என்று கேட்டான். முன்பு இதே கணக்கில் அடர்த்தியை 1 என்று போட்டு 100 என்று விடை எழுதியிருந்தான். கன சென்ரிமீற்றருக்கு ஒரு கிராம் என்று பாடமாக்கியது நினைவில் இருந்தது, அலகு நினைவில் இல்லை.

எழுத்தில் நின்ற இடம்

இரண்டாம் பகுதியில் விடையை எழுத வேண்டும். அவன் எழுதுவது "தண்ணி வெளிய போகும்" என்று நாலு சொல்லுக்குள் முடிந்துவிடும். பிழை இல்லை, ஆனால் புள்ளித் திட்டம் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகப் புள்ளி கொடுக்கிறது. எங்கிருந்து, எங்கே, எதனூடாக, ஏன் என்ற நாலு கேள்வியை விடை எழுதும் முன் தனக்குத்தானே கேட்கப் பழக்கினேன். முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லுவான். பிறகு அதையே பாடநூல் சொல்லில் மாற்றி எழுதுவான். இந்த வரிசையை மாற்றக்கூடாது. நேரே எழுதச் சொன்னால் பேனை நின்றுவிடும்.

பாடம் தெரியாத இடம்

மிச்சமிருந்த ஐந்தில் ஒன்று உப்பு உற்பத்தி. மன்னார்ப் பிள்ளைக்கு உப்பளம் தெரியாதா? தெரியும், பார்த்தபடி பஸ்ஸில் போயிருக்கிறான், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை போய் வரம்போரத்தில் நின்று பேசினோம். கடல்நீர் ஆவியாகச் செறிவு கூடுகிறது. குறைவாகக் கரையக்கூடியது முதலில் படிகிறது: கல்சியம் காபனேற்று. அடுத்தது கல்சியம் சல்பேற்று. அதற்குப் பிறகுதான் சோடியம் குளோரைட்டு, நமது உப்பு. அதைவிட நன்றாகக் கரையும் மகனீசியம் உப்புகள் கடைசி நீரில் தங்கி, கசப்பாக மிஞ்சுகின்றன. வாரிய உப்பைக் குவித்து மாதக்கணக்கில் விடுவதும் வீணாக இல்லை. ஒட்டியிருக்கும் மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து வடிந்துவிடும். பாத்தி பாத்தியாக ஏன் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது.

அடர்த்திக்கு அல்-பீரூனியைத் துணைக்கு அழைத்தேன். ஆயிரம் வருடத்துக்கு முன்பு, நீர் வழியும் பாத்திரம் ஒன்றைக் கொண்டு உலோகங்கள், இரத்தினங்கள், முத்து ஆகியவற்றின் அடர்த்திகளை ஒப்பிட்டு அளந்தவர் அவர். அவர் எங்கள் ஆள் என்று பெருமைப்படுவதால் பரீட்சையில் புள்ளி வராது. குசினியில் ஒரு குவளை நிறையத் தண்ணீர் வைத்து, கல்லைப் போட்டு, வழிந்த நீரை அளந்து பார்த்தோம். அதற்குப் பிறகு அடர்த்திக் கணக்கில் அவன் தடுமாறவில்லை.

எல்லாவற்றுக்கும் ஊரில் உதாரணம் கிடைக்காது. முதல் இருபது மூலகங்கள், அவற்றின் வலுவளவு, இவை பாடமாக்க வேண்டியவைதான். ஓதிப் பழகிய பிள்ளைக்கு அது ஒரு வாரத்து வேலை.

மத்ரஸாவில் இருப்பது

ஒரு நாள் இரவு அவனிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கையில் எனக்கு எனது சின்ன வயது உஸ்தாத் நினைவுக்கு வந்தார். குர்ஆன் மத்ரஸாவில் ஐம்பது பிள்ளை இருந்தாலும் அவர் ஒவ்வொருவரையும் முன்னால் இருத்திப் பாடம் கேட்பார். பிழைத்த எழுத்திலேயே நிறுத்துவார். அது சரியாகும் வரை அடுத்த பாடம் கிடையாது. பக்கத்துப் பிள்ளை எந்த ஜுஸ்உவில் இருக்கிறது என்பது கணக்கில்லை. இதே பிள்ளை பின்னேரம் ரியூஷன் வகுப்பில் நூறு பேரோடு ஒருவனாக இருந்து, எங்கே விழுந்தான் என்று யாரும் கேட்காமலே வீட்டுக்கு வருகிறான். நான் அந்த ஒரு வருடம் செய்தது புதிய முறை ஒன்றுமில்லை. உஸ்தாத் செய்ததை விஞ்ஞானத்துக்குச் செய்தேன்.

இதற்குப் பெற்றோருக்கு விஞ்ஞானம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் தங்கச்சிக்குத் தெரியாது. நான் வராத நாட்களில் அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்றைக்குப் படிச்சத எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு" என்று கேட்டாள். எங்கே அவன் முழிக்கிறானோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். நான் வந்ததும் அந்தப் புள்ளிகளில் இருந்து தொடங்குவேன்.

ஊருக்கும் ஒரு யோசனை. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகப் பல மாதம் காத்திருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மத்ரஸாக் கட்டடம் இஷாவுக்குப் பிறகு பூட்டித்தான் கிடக்கிறது. ஒருவருக்கு மூன்று பிள்ளைகள் வீதம், வாரத்தில் மூன்று நாள், அரை மணித்தியாலம் பாடம் கேட்டால் போதும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதை ஏற்பாடு செய்யலாம். விஞ்ஞானப் பீடங்களுக்கான அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. மன்னார் இரண்டிலும் பங்குள்ள மாவட்டம். சாதாரண தரத்திலேயே எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் விழுந்தால் அந்தப் பங்கு எங்களுக்கு எட்டாது.

மருமகன் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதினான். எஸ் வந்தது. டபிள்யூவிலிருந்து அது பெரிய ஏற்றம்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்கு அது போதாது. பூச்சியத்தில் நின்ற பிள்ளையை ஆறாம் ஏழாம் ஆண்டில் கண்டுபிடிக்காமல் பதினொன்றில் கண்டுபிடித்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அது. இப்போது வர்த்தகப் பிரிவில் படிக்கிறான். மச்சானும் கடலுக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

போன கிழமை அங்கே போனபோது அவனுடைய தங்கச்சி, எட்டாம் ஆண்டு, விஞ்ஞானப் புத்தகத்தோடு அவன் முன்னால் இருந்தாள். பென்சில் அவன் கையில் இருந்தது. "சரி, சொல்லு. எந்த இடத்தில நிக்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.